வெள்ளி பார்த்தவர்களும் வெள்ளை அடித்த மதகும்

போன கிழமை இணுவில் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு மதிலுக்கு இரண்டு பேர் வெள்ளை அடித்துக்கொண்டு நின்றார்கள். இந்தக் காலத்தில் எல்லோரும் வாளி வாளியாகப் பெயின்ற் வாங்கி அடிக்கிறார்கள். இந்த வீட்டுக்காரருக்கு என்ன பிடிவாதமோ, பழைய முறைப்படி தகரப் பீப்பாவில் சுண்ணாம்பை நீற்றிக் கலக்கி வைத்திருந்தார். சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்துக் கொதித்து அடங்கும்போது ஒரு மணம் வரும். வெயிலில் காய்ந்த கல்லில் மழை விழுந்த மணத்தோடு பழைய பள்ளிக்கூடச் சுவரின் மணத்தையும் சேர்த்தது போல இருக்கும். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஐயா, ஆரைத் தேடுறியள்?" என்று அடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

"ஒருத்தரையும் தேடேல்லை. சும்மா மணந்து பாக்கிறன்."

அவர் மற்றவரைப் பார்த்தார். எனக்கு வயது போய்விட்டது என்று இருவரும் பேசாமலே முடிவுக்கு வந்தது தெரிந்தது. விளக்கப் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். சுண்ணாம்பு மணத்தால் எனக்கு வானத்து நட்சத்திரங்கள் ஞாபகம் வரும். இதை நடு வீதியில் நின்று முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் எழும்பி ஓட மாட்டீர்கள்.

தொண்ணூறாம் ஆண்டு நடுப்பகுதியில் சண்டை திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். வருடக்கணக்காக வரவில்லை. எனக்கு மின்சாரசபையின் கரண்ட் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டுக்கு எத்தனை யுனிற் ஓடியிருக்கிறது என்று பார்த்துப் பில் எழுதுவது என் வேலை. கரண்ட் இல்லாத ஊரில் கரண்டுக்குப் பில் எழுதுகிறவனின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆனாலும் காலையில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும், பின்னேரம் கந்தோர் பூட்டும் மட்டும் மேசையில் குந்தியிருக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்குக் கலியாணம் பேசி வந்த ஒருவர் அம்மாவிடம், "தம்பிக்கு எங்கை வேலை?" என்று கேட்டிருக்கிறார். "கரண்ட் கந்தோரிலை" என்று அம்மா பெருமையாகச் சொல்ல, அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனாராம்.

என்னைவிடப் பாவம் அருள்நேசன். அவன் லைன்மன். தூணில் ஏறிக் கம்பி இழுப்பது அவன் தொழில். குருநகர்க்காரன். கடற்கரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கிய பிறகு தாய் தகப்பனோடு உடுவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் வந்து இருந்தான். என் வீடும் உடுவிலில் என்பதால் போக வர இருவரும் ஒன்றாகச் சைக்கிள் ஓடினோம். நிலத்தில் நிற்பது அவனுக்குப் பிடிக்காது. கந்தோர் வளவுக்குள் சும்மா நின்ற தூண் ஒன்றில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறி, உச்சியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்குவான். "ஏறாமல் விட்டால் கால் மறந்து போகும் மச்சான்" என்பான்.

அரசாங்கத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில் வீதிகள் வெறிச்சென்று கிடந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. முழு யாழ்ப்பாணமும் சைக்கிளில் ஏறியிருந்தது. காங்கேசன்துறை வீதியில் விறகு கட்டிய சைக்கிள், பால் போத்தல் கட்டிய சைக்கிள், ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் வீதியை அடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஓடும் சைக்கிள் என்று ஒரே நெரிசல். ஒருமுறை ஓர் அலுமாரி தன்பாட்டில் வீதியால் போவதைக் கண்டு திகைத்து நின்றேன். சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போன மனிதர் அலுமாரிக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தார். இடையிடையே மண்ணெண்ணெயில் ஓடும் கார்களும் உழவு மிசின்களும் புகை கக்கிக்கொண்டு வரும்.

பொழுதுபட்டால் இத்தனையும் இருட்டில் நடக்கும். ரோச் பற்றறிக்கும் அதே தடை. சைக்கிளில் டைனமோ வைத்திருந்தவர்கள் அதை வீட்டு றேடியோவுக்குப் பூட்டியிருந்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து செய்தி கேட்பார்கள். பெடல் சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப் போவார். ஆக, வீதிக்கு வெளிச்சம் மிஞ்சவில்லை. முழங்காலில் உரசல் காயம் இல்லாத மனிதரை அந்த நாளில் காண்பது அரிது.

அப்படி ஒரு மாலை. நிலவு இல்லை. நானும் அருளும் கந்தோரால் வந்துகொண்டிருந்தபோது இணுவில் தோட்டவெளிப் பக்கம் என் சைக்கிள் செயின் கழன்றது. நான் குந்தியிருந்து தடவித் தடவிச் செயினைப் பூட்ட, அருள் கைகட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றான். கொஞ்ச நேரத்தில் சொன்னான்.

"மச்சான், எங்கடை கரண்ட் முழுக்க உங்கை நிக்குது பார்."

நிமிர்ந்து பார்த்தேன். எங்கே விரலை நீட்டினாலும் அங்கே ஒரு வெள்ளி. எங்கள் ஊரில் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்லுவோம். பெரிது, சிறிது, கொஞ்சம் சிவந்தது, நடுவால் பால் ஊற்றினது போல ஒரு மங்கல் பாதை. பிறந்த நாள் முதல் இந்த வானத்தின் கீழேதான் நான் இருந்திருக்கிறேன். வீதி விளக்குகளுக்கு மேலே என் பார்வை ஒரு நாளும் போனதில்லை. செயின் எண்ணெய்க் கையோடு நான் வாயைத் திறந்துகொண்டு நின்றது இப்போதும் நினைவிருக்கிறது.

அன்று தொடங்கிய வியாதி. பிறகு வந்த நாட்களில் நாங்கள் சைக்கிள் ஓடியது கீழே, பார்த்தது மேலே. அதன் பலன் சீக்கிரமே கிடைத்தது. மருதனார்மடம் தாண்டி உடுவில் ஒழுங்கையில் திரும்பும்போது நான் முன்னால் போன சைக்கிள் ஒன்றில் போய் ஏறினேன். அந்தச் சைக்கிளின் பின் கரியரில் பெரிய வெள்ளைத் துணி கட்டியிருந்தது. எந்த இருட்டிலும் கண்ணில் படத்தக்க துணி. என் கண், கார்த்திகைக் கூட்டம் என்று பிறகு நான் அறிந்த வெள்ளிகளில் இருந்தது.

விழுந்தெழும்பியது ஒரு பெண். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டா.

"மேலை என்ன பாத்தனீங்கள்?"

"வெள்ளி."

"எந்த வெள்ளி?"

"அது... பேர் தெரியாது."

"பேர் தெரியாத ஒண்டுக்காகவோ என்னை இடிச்சனீங்கள்?"

அருள் பின்னால் நின்று சிரித்துவிட்டான். அவ அவன் பக்கம் திரும்பினா. "சிரியுங்கோ. பாக்கிறதெண்டால் இறங்கி, ஓரமாய்ச் சைக்கிளை விட்டிட்டு, நிண்டு பாருங்கோ. வானம் எங்கையும் போகாது. ரோட்டிலை போற சனத்துக்குத்தான் உயிர் ஒண்டு."

அதுதான் மங்கை ரீச்சர். நீங்கள் அவசரப்பட்டு முடிச்சுப் போட வேண்டாம். அவவுக்கு அப்போதே கலியாணமாகி, நடக்கப் பழகுகிற மகன் ஒருவன் இருந்தான். அவ மயிலிட்டிக்காரி. சண்டையால் ஊரை விட்டு எழும்பி வந்து, உடுவிலில் ஒரு தோட்டத்தோடு சேர்ந்த வீட்டில் தங்கையோடு இருந்தா. பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பித்தா. வீதியில் இவ்வளவு கறாராக அவ நின்றதற்குக் காரணம் தங்கை தயா. முந்தின வருடம் தயாவைப் புருஷன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வரும்போது லைற் இல்லாத உழவு மிசின் ஒன்று இடித்துவிட்டது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. தயாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள். புருஷன் கொழும்பில் வேலைக்குப் போய் எப்போதாவது வந்து போனார்.

இடி வாங்கிய மறுநாள் மங்கை ரீச்சர் எங்களை மறித்து ஒரு பேரம் பேசினா. பள்ளிக்கூட விஞ்ஞான அறையில் பழைய நட்சத்திரப் படம் ஒன்று கிடக்கிறது, அதைக் கொண்டுவந்து தருவா. பதிலுக்கு நாங்கள் வாய்க்கால்களுக்கு மேலே வீதியைத் தாங்கும் மதகுகளின் கட்டுகளுக்கும் வீதியோர மரங்களுக்கும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். "கரண்ட் கந்தோர்க்காரர்தானே. சனத்துக்கு வெளிச்சம் குடுக்கத்தானே சம்பளம் எடுக்கிறியள்" என்றா. நாங்கள் ஒத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அருள் கோயிலுக்குப் போய் வந்த பிறகு வேலை தொடங்கும். உடுவிலில் தொடங்கி, இணுவில், தாவடி, கொக்குவில் என்று கிழமைக்குக் கிழமை நகர்ந்தோம். ஷெல் விழுந்து ஒரு பக்கம் இடிந்த மதகுகளுக்கு இடியாத பக்கத்தில் வெள்ளை அடித்தோம். எனக்குக் கை முழுக்கச் சுண்ணாம்பு பட்டு வெந்து போயிருந்தது. அருளுக்கு மரம் கிடைத்த சந்தோசம். பூவரசு, வேம்பு என்று பாராமல் ஏறி, கிளை பிரியும் இடம்வரைக்கும் வெள்ளை அடித்தான். ரீச்சர் கீழே நின்று கேட்டா, "அருள், ஆர் உங்கை மேலாலை சைக்கிள் ஓடப் போகினம்?"

நட்சத்திரப் படத்தின் கதை வேறு. அதைத் தோட்டத்து மண்ணில் விரித்து வைத்து மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வடக்கு மேலே, தெற்கு கீழே. கிழக்கு இடது பக்கம் என்று போட்டிருந்தது. தேசப்படத்தில் கிழக்கு வலப்பக்கம்தானே. "வெள்ளைக்காரன் மாறி அச்சடிச்சுப் போட்டான்" என்றான் அருள். ரீச்சரும் ஒத்துக்கொண்டு, தன் சிவப்புப் பேனையால் கிழக்கை மேற்காகவும் மேற்கைக் கிழக்காகவும் திருத்தினா. அதற்குப் பிறகு பல மாலைகள் ஒரு வெள்ளியைக்கூட எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தில் இருக்கும் உருவங்கள் எல்லாம் வானத்தில் தலைமாறி நின்றன. வானத்தில் பிழை என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் வந்துவிட்டோம்.

பிழையைப் பிடித்தது தயா. அவளுக்கு நெடுநேரம் இருக்க இயலாது. முற்றத்தில் பாய் போட்டு மல்லாந்து படுத்திருப்பாள். ஒரு நாள் பொழுதுபோகாமல் படத்தை வாங்கி, படுத்தபடியே முகத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, உதிலை ஒரு பிழையும் இல்லை. நீங்கள்தான் கீழை வைச்சுப் பாக்கிறியள். மேலை பிடியுங்கோ."

மேலே பிடித்தோம். கிழக்கு கிழக்கில் நின்றது. ரீச்சர் தன் சிவப்புத் திருத்தத்தை மீண்டும் திருத்தினா. அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் பாயில் வரிசையாகத் தலை வைத்துப் படுத்து, படத்தைக் கைமாற்றிக் கைமாற்றி, கார்த்திகைக் கூட்டத்தைக் கண்டு, அதிலிருந்து கொஞ்சம் கிழக்கே வந்து சிவந்த ரோகிணியைக் கண்டு, அதற்கும் கிழக்கே மூன்று வெள்ளி சரிந்த கோடாக நிற்கும் வேட்டைக்காரனைக் கண்டோம். கண்டது பெரிய விசயமில்லை. ஆனாலும் முந்நூறு பில் எழுதி முடித்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு திருப்தி வந்ததில்லை.

பழகப் பழகச் சில விசயங்கள் விளங்கின. விளக்கைப் பார்த்துவிட்டு வந்தவுடன் வானத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் கண் தானாகத் திறக்கும், ஒன்று தெரிந்த இடத்தில் பத்துத் தெரியும். இடையில் ஒருவர் நெருப்புக்குச்சி உரசினாலும் எல்லாம் போய்விடும், திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். சுருட்டுப் பற்ற வைக்கிறவர்களைத் தயா பாயில் கிடந்தபடியே விரட்டுவாள்.

விசயம் பரவி, வீதியால் போனவர்களும் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு மாலை வீதிக்கு நடுவிலேயே கூட்டம் கூடி அண்ணாந்து நிற்க, விறகுச் சைக்கிள் ஒன்று ஊடே புகுந்து நாலு பேரைச் சாய்த்தது. அதற்குப் பிறகு ரீச்சரின் சட்டம் வந்தது. பார்க்க வருகிறவர்கள் சைக்கிளைத் தோட்டத்துக்குள் விட வேண்டும். சைக்கிள் மட்காட்டுக்கு வெள்ளை அடித்திருக்க வேண்டும், உடம்பிலும் வெள்ளையாக ஏதாவது இருக்க வேண்டும். வேட்டி, சால்வை, ஒன்றும் இல்லையென்றால் பழைய பள்ளிக்கூடச் சட்டை. மாலையில் தோட்டத்துக்குள் நுழைந்தால் செத்த வீட்டுக்கு வந்த கூட்டம் போல இருக்கும். சந்தியில் நின்ற இயக்கப் பொடியன் ஒருவன் துவக்கோடு விசாரிக்க வந்தான்.

"மேலை என்ன பாக்கிறியள்?"

"வெள்ளி" என்றான் அருள்.

"ஆர் பாக்கச் சொன்னது?"

பாயில் கிடந்த தயா, "தம்பி, உம்மடை நட்சத்திரம் என்ன?" என்று கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கி, "திருவாதிரை" என்றான். அதைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனான். பிறகு இரண்டு மூன்று தரம் வந்தான், விசாரிக்க அல்ல. அதற்குப் பிறகு வரவில்லை. எங்கே என்று கேட்கிற காலமும் இல்லை அது.

அடுத்த தையில் தயாவுக்கு வயிற்றில் பிள்ளை நிறைமாதத்தை நெருங்கியிருந்தது. உடைந்து பொருந்திய இடுப்பெலும்பு கோணலாகப் பொருந்தியிருக்கிறது, வீட்டிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ பெற முடியாது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று டொக்ரர் உறுதியாகச் சொல்லியிருந்தார். நாள் கிட்டும்போது முன்கூட்டியே கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. பிள்ளை அந்த ஏற்பாட்டை மதிக்கவில்லை. தை அமாவாசையை ஒட்டிய ஒரு மாலை, கருகருவென்று இருட்டு. நாங்கள் ஏழெட்டுப் பேர் தோட்டத்தில் நின்றோம். வீட்டுக்குள்ளிருந்து ரீச்சர் ஓடி வந்தா. அவ ஓடி நான் அதற்கு முன் கண்டதில்லை.

"தயாவுக்கு நோ தொடங்கிட்டுது. தர்மு அண்ணையின்ரை காரைக் கூப்பிடுங்கோ."

தர்மு அண்ணை வாடகைக்கு ஓடும் பழைய ஒஸ்ரின் கார்க்காரர். சில துளி பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவார். காரைத் தள்ளி ஸ்ரார்ட் செய்து கொண்டுவந்து நிறுத்தினார். பற்றறி செத்துப் பல மாதம். லைற் எரியாது. பகலில் மட்டும்தான் அவர் ஓடுவது. வீதியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"கார் ஓடும் ரீச்சர். எனக்குத்தான் ரோட்டுத் தெரியாது. சனம் முழுக்க இப்பத்தான் ரவுணாலை வருகுது. ஒருத்தரை இடிச்சால் என்ன செய்யிறது? கொக்குவில் மதகும் பாதி இல்லை."

தயா காரின் பின் சீற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். ரீச்சர் ஏறித் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டா. வீதியில் வெளிச்சம் இல்லாமல் ஒரு வாகனமும் போகக் கூடாது என்று ஊரெல்லாம் சண்டை பிடித்தவ. இப்போது தன் தங்கையை அப்படி ஒரு வாகனத்தில் ஏற்றியிருந்தா. அந்த முகத்தை இருட்டிலும் பார்க்க முடிந்தது.

அருள்தான் சொன்னான். "தர்மு அண்ணை, உங்களுக்கு வெள்ளை தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப வெள்ளைக்குப் பின்னாலை வாங்கோ."

எல்லோரும் சைக்கிளை எடுத்தோம். எல்லோரிலும் வெள்ளை இருந்தது. அருள் நன்றாக முன்னே போய், மணியை விடாமல் அடித்துக்கொண்டு சனத்தை விலக்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு பக்கமும். காருக்கு நேர் முன்னால் ஒருவர் போக வேண்டும், கார்க்காரர் அவரின் முதுகைப் பார்த்து ஓடுவார். அந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள். எங்கள் கூட்டத்தில் சைக்கிள் ஓட்டத்தில் கடைசி நான்தான். ஆனால் என் வேட்டியும் சேட்டும்தான் எல்லாவற்றிலும் வெள்ளை. அம்மா நீலம் போட்டுத் தோய்ப்பவ. அம்மாவின் நீலத்தின் பேரில் நான் ஒரு காருக்கு முன்னால் உயிரைக் கொடுத்துச் சைக்கிள் ஓடினேன்.

மருதனார்மடம் தாண்டியதும் எதிரே சைக்கிள் வெள்ளம். முன்னால் அருளின் குரல் கேட்டது. "ஓரம் விடுங்கோ, பிள்ளைத்தாச்சி வருகுது, ஓரம் விடுங்கோ." சனம் விலகியது. விலகியவர்களில் சிலர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எங்களோடு வந்தார்கள். ஆரென்று தெரியாது, ஏன் திருப்பினார்கள் என்றும் தெரியாது. இருட்டில் இரண்டு பக்கமும் டயர்கள் உரசும் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. எங்கள் மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக வந்து கடந்து போயின. அருள் கிளைவரைக்கும் அடித்த மரங்கள் தூரத்திலேயே தெரிந்தன. அன்றைக்கு ரீச்சர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தாவடியில் கலியாண வீடு ஒன்று. வாசலில் பெற்றோல்மக்ஸ் எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேரம் இருட்டில் பழகி வந்த கண்ணுக்கு அது சூரியன். பின்னால் கார் கிரீச்சென்று நின்றது.

"ஒண்டும் தெரியேல்லை" என்று தர்மு அண்ணை ஸ்ரியறிங்கில் தலையை வைத்தார்.

பின் சீற்றிலிருந்து தயாவின் குரல் விட்டு விட்டு வந்தது. "வெளிச்சத்தைப் பாராதேங்கோ அண்ணை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் இருங்கோ. அது திரும்பி வரும்." பிறகு ஒரு முனகல். "எனக்கு அவசரமில்லை."

அவளுக்கு எவ்வளவு அவசரம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அருள் கலியாண வீட்டுக்குள் ஓடினான். விளக்கை அணைத்தால் திரும்பக் கொளுத்துவது பெரிய பாடு. விசயத்தைக் கேட்ட கலியாண வீட்டார் இரண்டு பேர் ஒரு புது வேட்டியை விரித்து, விளக்குக்கு முன்னால் திரை போலப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது மாப்பிள்ளையின் வேட்டி என்று பிறகு கேள்வி. தர்மு அண்ணை கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வருகுது, வருகுது" என்றார், வெள்ளி பார்க்கிறவர் போல.

கொக்குவில் மதகில் நான் இறங்கி நடந்தேன். இடது பக்கம் இடிந்து வெறும் பள்ளம். வலப்பக்கக் கட்டு மட்டும் நாங்கள் அடித்த சுண்ணாம்போடு நின்றது. நான் அந்த வெள்ளையில் கையை வைத்துக்கொண்டு நடக்க, கார் என்னைத் தொட்டும் தொடாமலும் பின்னால் ஊர்ந்தது. என் வேட்டிக் கரை கட்டில் உரசி இன்னும் வெள்ளையானது. மதகு கடந்ததும் சைக்கிளில் வந்த சனம் முழுவதும் ஒரேயடியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பெரியாஸ்பத்திரி வாசலில் ஜெனரேற்றர் வெளிச்சம். தயாவை உள்ளே கொண்டு போனார்கள். வெளியே பார்த்தால் முன்பின் அறியாத முகங்கள் சைக்கிளோடு நிற்கின்றன. ஒருவரின் கரியரில் விறகு, ஒருவரின் கரியரில் கோழிக்கூடு. ஒருவரும் போகவில்லை. நெடுநேரம் கழித்து மங்கை ரீச்சர் வெளியே வந்து படியில் நின்றா.

"பெட்டைப் பிள்ளை. ரண்டு பேரும் சுகம்."

சொல்லிவிட்டுப் படியிலேயே இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதா. எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கோழிக்கூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். பிறகு அவ முகத்தைத் துடைத்து எழும்பி, என் சைக்கிளை ஒரு தரம் பார்த்தா. "உங்கடை மட்காட்டிலை வெள்ளை அழிஞ்சு போச்சு. நாளைக்கு அடியுங்கோ" என்றா. அப்போதுதான் எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் கார்க் கண்ணாடிக்குள்ளால் தயாவுக்கு வழி முழுக்க ஒரு சிவந்த வெள்ளி தெரிந்துகொண்டிருந்ததாம். அதனால் பிள்ளைக்கு ரோகிணி என்று பெயர் வைத்தாள். சாத்திரியார் கணித்துப் பார்த்து, பிள்ளை பிறந்தது திருவோணத்தில், ரோகிணி என்று வைப்பது முறையில்லை என்று சொல்லிப் பார்த்தார். "திருவோணம் அப்ப வானத்திலையே இல்லை ஐயா, நான் பாத்தனான்" என்று தயா சொல்லிவிட்டாள்.

தொண்ணூற்றைந்தில் சண்டை கிட்ட வர, நாங்கள் எல்லோரும் வீடுகளை விட்டு எழும்பினோம். திரும்பி வந்தபோது ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசை. பிறகு கரண்ட் வந்தது. அருள் குருநகருக்குப் போய்த் திரும்பவும் தூண் ஏறினான். எனக்குப் பில் எழுதக் கை நிறைய வேலை, சம்பந்தம் பேசவும் ஆட்கள் வந்தார்கள். மங்கை ரீச்சர் இப்போது மயிலிட்டியில், தன் சொந்தக் காணியில் கட்டிய வீட்டில் இருக்கிறா. ரோகிணி கொடிகாமத்துப் பக்கம் கலியாணம் செய்து ஸ்கூட்டர் ஓடுகிறாள், வேகமாகத்தான் ஓடுகிறாளாம்.

அந்த வீதியை அகட்டி, தார்க் காப்பெற் போட்டு, மதகுகளை உடைத்துக் கொங்கிறீற்றில் கட்டிவிட்டார்கள். மரங்களும் போயின. தூணுக்குத் தூண் வெள்ளை விளக்கு. பிள்ளைகள் பத்திரமாகப் போய் வருகிறார்கள், அதில் எனக்குக் குறையே இல்லை. வானம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் மூடி இருக்கிறது, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். நான் தேடுவது வேறொன்றை. விளக்கில்லாத அந்த நாட்களில் இடிபடாமல் போவதற்காக எல்லோரும் வாயைத் திறந்துகொண்டுதான் சைக்கிள் ஓடினார்கள். புகையிலை வியாபாரி தேவாரம் பாடி வருவார். ரியூசன் பிள்ளைகள் இரசாயனச் சமன்பாட்டை உரத்துச் சொல்லி வருவார்கள். பாட வராதவர்கள் இருமிக்கொண்டு வருவார்கள். முகம் தெரியாது, ஆள் தெரியும். "ஆர், செல்லையா அண்ணையோ?" என்றால், "ஓம், ஓம், வாறன்" என்று இருட்டுக்குள்ளிருந்து மறுமொழி வரும்.

இப்போது மாலையில் வீட்டு வாசல் படலையில் நிற்கிறேன். பகல் போன்ற வெளிச்சத்தில் எத்தனையோ பேர் வேகமாகக் கடந்து போகிறார்கள். ஒருவரும் ஒரு சத்தமும் போடுவதில்லை. போகிறவர்கள் ஆரென்று எனக்குத் தெரிவதில்லை.